கான்டாக்ட் ஷீட்டும் சிவப்புப் பென்சிலும்

வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் 1930-களின் நெகட்டிவ்கள் பல்லாயிரம் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றைப் பார்ப்பவர் திடுக்கிடுவார். வறண்ட வயல், மரவீட்டு வாசலில் நிற்கும் குடும்பம், வண்டியோரம் உட்கார்ந்திருக்கும் விவசாயி என்று விரியும் காட்சியின் நடுவே, சில சமயம் ஓர் ஆளின் முகத்திலேயே, வட்டமாக ஓர் ஓட்டை. அதைப் பிரிண்ட் போட்டால் ஓட்டை வழியாக வெளிச்சம் தடையின்றி இறங்கி, தாளில் கன்னங்கரேலென்று ஒரு வட்டு விழும். காகிதத்தில் துளை போடும் கருவியால் வேண்டுமென்றே போட்ட ஓட்டை அது.

பொருளாதாரப் பெருமந்தக் காலத்து அமெரிக்கக் கிராமங்களைப் படமெடுக்க அரசு அமைத்த பிரிவுக்கு 1935-இல் தலைவராக வந்தவர் ராய் ஸ்ட்ரைக்கர். வாக்கர் எவன்ஸ், டொரோத்தியா லாங், பென் ஷான் போன்றவர்கள் ஊர் ஊராகப் போய் எடுத்த ஃபிலிம்கள் அவருடைய அலுவலகத்துக்கு வந்து சேரும். வேண்டாம் என்று ஒதுக்கிய நெகட்டிவில் ஓட்டை விழும். புகைப்படக்காரர்கள் கொதித்துப் போனார்கள். அவர்கள் எதிர்த்து எதிர்த்துத்தான் 1930-களின் கடைசியில் அந்தப் பழக்கம் நின்றது. இதே ஸ்ட்ரைக்கர்தான், வெளியூரில் இருக்கும் தன் ஆட்களுக்கு நீண்ட கடிதங்கள் எழுதினார். எந்த ஊரில் எதைக் கவனிக்க வேண்டும், அங்குள்ளவர்கள் மாலை நேரத்தை எப்படிக் கழிக்கிறார்கள் என்றெல்லாம் பட்டியல் போட்டு அனுப்பினார். அந்தக் கடிதங்கள் படங்களை வளர்த்தன. ஓட்டை, படத்தைப் பற்றிய பேச்சையே முடித்துவிட்டது. ஒதுக்கியதற்குக் காரணம் என்ன, அந்தக் காரணம் சரியா என்று திரும்பப் பார்க்க வழியே இல்லாமல் போனது.

ஃபிலிமில் கலைநோக்கோடு படமெடுப்பவர்கள் ஒருவருக்கொருவர் கருத்துச் சொல்லிக்கொள்ளும்போது இந்த இரண்டு ஸ்ட்ரைக்கர்களையும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ஃபிலிம் படத்துக்குக் கருத்துச் சொல்வது தனியாக ஓர் அத்தியாயம் எழுதும் அளவுக்கு என்ன வித்தியாசமானது? படம் பல கட்டங்களில் பிறக்கிறது என்பதுதான் காரணம். ஷட்டரை அழுத்தியது ஒரு நாள். 36 ஃப்ரேமும் முடிந்து ரோலைக் கழுவியது, சில சமயம், மூன்று வாரம் கழித்து. எந்த ஃப்ரேமைப் பெரிதாக்குவது என்று தேர்ந்தெடுத்தது இன்னொரு நாள். என்லார்ஜருக்கு அடியில் தாளை வைத்து எவ்வளவு வெளிச்சம் விடுவது, எங்கே மறைப்பது என்று முடிவு செய்தது வேறோர் இரவு. கடைசியில் மேசைமேல் இருக்கும் பிரிண்ட், இந்த நாலு முடிவுகளும் சேர்ந்தது. "இது சுமார்தான்" என்று ஒருவர் சொன்னால், எது சுமார்? நின்ற இடமா, கழுவிய விதமா, தேர்ந்தெடுத்த ஃப்ரேமா, தாளில் விழுந்த கறுப்பா? எந்த முடிவைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரியாத கருத்து, எடுத்தவருக்கு வலியை மட்டும் கொடுக்கும், வேலைக்கு உதவாது.

ஆகவே முதல் வேலை, மேசையைச் சரியாகத் தயார் செய்வது. கருத்துக் கேட்க வருபவர் பிரிண்ட், அந்த ஃப்ரேம் இருக்கும் ரோலின் கான்டாக்ட் ஷீட் (ரோல் முழுவதையும் நெகட்டிவ் அளவிலேயே ஒரே தாளில் அச்சிட்டது), நெகட்டிவ் மூன்றையும் கொண்டுவர வேண்டும். கைப்பேசித் திரையில் ஸ்கேனைக் காட்டிவிட்டு "எப்படி இருக்கு?" என்று கேட்பது இப்போது எங்கும் பார்க்கிற பழக்கம். அதில் ஒரு சிக்கல் உண்டு. லேப் ஸ்கேனர்கள் பெரும்பாலும் இருட்டைத் தாமாகவே தூக்கி, வெளுப்பைத் தாமாகவே அடக்கி, எல்லாவற்றையும் நடுத்தரத்துக்கு இழுத்துவிடும். ஒரே நெகட்டிவை இரண்டு கடைகளில் கொடுத்தால் இரண்டு படங்கள் வரும். அப்போது பார்ப்பவர் சொல்லும் கருத்து இயந்திரத்தின் முடிவைப் பற்றியதாகிவிடுகிறது. ஸ்கேன்தான் இருக்கிறது என்றால், தானியங்கித் திருத்தம் எதுவும் இல்லாமல் ஸ்கேன் செய்யச் சொல்லி வாங்குவது குறைந்தபட்ச மரியாதை, படத்துக்கும் பார்ப்பவருக்கும்.

பிரிண்ட் காய்ந்திருக்க வேண்டும். தொட்டியிலிருந்து எடுத்த ஈரத் தாளில் வெள்ளை பளிச்சென்று இருக்கும். காய்ந்ததும் படம் ஒரு சுற்று கறுத்துவிடும். இருட்டறையில் சொட்டச் சொட்டப் பார்த்துச் சொன்ன பாராட்டு மறுநாள் காலையில் பொய்யாகிப் போவதைப் பிரிண்ட் போடுபவர்கள் எல்லோரும் அனுபவித்திருப்பார்கள். ஜன்னலோர வெளிச்சம், ஆனால் நேர் வெயில் வேண்டாம்.

அடுத்தது, வாயை மூடிக்கொண்டு பார்ப்பது. இது மிகச் சிரமம். 1946 முதல் சான் பிரான்சிஸ்கோவிலும், பிறகு ரோச்செஸ்டரிலும், எம்.ஐ.டி.யிலும் புகைப்படக் கலை கற்பித்த மைனர் ஒயிட் தம் மாணவர்களை முதலில் உடலைத் தளர்த்திக் கண்மூடி அமைதியாக உட்காரச் சொல்வார். அதன் பிறகுதான் படம். ஒரே படத்தை வெகுநேரம் பார்க்க வேண்டும். பிடித்ததா பிடிக்கவில்லையா என்ற பேச்சுக்கு அவசரமே கிடையாது. தியானப் பழக்கம் உள்ளவர் என்பதால் அவரைச் சிலர் கேலி செய்ததும் உண்டு. ஆனால் அந்த நிதானத்தில் வகுப்பறைக்குத் தேவையான ஒரு பலன் இருக்கிறது: முதல் நொடியில் எழும் தீர்ப்பு, பெரும்பாலும், பார்ப்பவர் ஏற்கெனவே பார்த்த வேறு படங்களின் நினைவு. மூன்று நிமிடம் கழித்துத்தான் எதிரே இருக்கும் படம் தெரியத் தொடங்குகிறது.

பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸோன் வேறு வழியில் இதைச் செய்தார். மற்றவர்கள் படத்தைக் கொண்டுவந்து காட்டினால் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பார். தலைகீழானதும் முகமும் கதையும் பின்னால் போய், கோடும் கறுப்பு வெள்ளையும் முன்னால் வருகின்றன. எது கனக்கிறது, எது தொங்குகிறது என்பது அப்பட்டமாகத் தெரிகிறது. இதைச் செய்ய யாருக்கும் ஞானம் தேவையில்லை. இரண்டு கைகள் போதும்.

பார்த்து முடித்ததும் பேசலாம். முதலில் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும். ஓர் உதாரணத்துக்கு, சென்னைக் காசிமேட்டில் விடியற்காலையில் ஓர் இளைஞர் எடுத்த படம் என்று வைத்துக்கொள்வோம். மீன்கூடையைத் தலையில் சுமந்து வரும் ஒரு பெண்மணி, பின்னால் மங்கலாகப் படகுகள். மூத்தவர் ஒருவர் பார்த்துவிட்டுப் பேசுகிறார்.

"தம்பி, என் கண்ணு முதல்ல அந்த வெள்ளைக் கூடைக்குத்தான் போச்சு. அங்கேயே நின்னுடுச்சு. அந்தம்மா முகத்துக்கு வர ரொம்ப நேரம் ஆச்சு. நீங்க எடுக்கும்போது எதைப் பார்த்து நின்னீங்க? கூடையையா, முகத்தையா?"

"முகத்தைத்தாண்ணா. கூடையை நான் கவனிக்கவே இல்ல."

"நெகட்டிவ்ல கூடைப் பின்னல் தெரியுதான்னு பாருங்க. தெரிஞ்சா, அந்த இடத்துக்கு மட்டும் இன்னும் பத்து செகண்டு வெளிச்சம் விட்டு ஒரு பிரிண்ட் போடுங்க. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்ப்போம்."

இதில் "நல்லா இருக்கு", "நல்லா இல்ல" என்ற சொற்களே வரவில்லை. கண் போன பாதையைச் சொன்னார். எடுத்தவரின் நோக்கத்தைக் கேட்டார். அந்த நோக்கத்துக்கும் படத்துக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறைக்க இருட்டறையில் செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் சொன்னார். அந்த இளைஞர் "கூடையைத்தான் பார்த்தேன்" என்று பதில் சொல்லியிருந்தால் அறிவுரை முழுக்க மாறியிருக்கும். கேள்வியை முதலில் கேட்டதால்தான் அது சாத்தியம். இதே படத்துக்கு "கான்ட்ராஸ்ட் சரியில்லை" என்று இரண்டு சொல்லில் முடித்திருந்தால் அவர் வீட்டுக்குப் போய் வேறு கிரேடு தாளை எடுத்திருப்பார். கூடை இன்னும் வெளுத்திருக்கும்.

நெகட்டிவைப் படிக்கத் தெரிந்தவர் சொல்லும் கருத்துக்குத் தனி மதிப்பு உண்டு. அதைக் கற்பது கடினமில்லை. ஃபிலிமின் ஓரத்தில், துளைகளை ஒட்டி, தொழிற்சாலையிலேயே பதித்த எண்களும் தயாரிப்பின் பெயரும் இருக்கும். கேமராவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை; டெவலப்பர் சரியாக வேலை செய்ததா என்பதற்கு அவைதான் சாட்சி. ஓர எழுத்துகள் நல்ல கறுப்பாக இருந்து ஃப்ரேம் மட்டும் கண்ணாடிபோல் வெளிறியிருந்தால், படமெடுக்கும்போதே வெளிச்சம் போதவில்லை. ஓர எழுத்துகளும் சேர்ந்து மங்கியிருந்தால் கழுவியதில் கோளாறு: நேரம் குறைந்திருக்கலாம், மருந்து தீர்ந்துபோயிருக்கலாம். முதலாமவரிடம் "அடுத்த தடவை நிழல் பக்கம் மீட்டரை வைத்துப் பாருங்கள்" என்று சொல்ல வேண்டும். இரண்டாமவரிடம் "மருந்தை மாற்றுங்கள்". இரண்டு பேரிடமும் "படம் வெளிறிப்போச்சு" என்று சொன்னால் இருவருமே இருந்த இடத்திலேயே இருப்பார்கள்.

தமிழ்நாட்டில் இன்னொன்றையும் கேட்டுவிட வேண்டும்: ரோலை எந்த மாதத்தில், எந்தத் தண்ணீரில் கழுவினார்? டி-76 போன்ற டெவலப்பர்களுக்கு அச்சிட்ட நேரங்கள் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியசுக்கானவை. சித்திரை, வைகாசியில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் கழுவ வேண்டிய நேரம் மிகவும் சுருங்கி, வானத்தில் திட்டுத்திட்டாக வித்தியாசம் தெரியும். பார்ப்பவர் அதை மேகம் என்று நினைத்து ரசிக்கவும்கூடும். ஒரு வாளியில் ஐஸ்கட்டி போட்டு அதற்குள் டேங்கை நிறுத்தி வைக்கச் சொல்வது, அழகியல் பேசும் பத்து வாக்கியங்களைவிட அவருக்குப் பெரிய உபகாரம். காய்ந்த ஃபிலிமில் உப்புத் தண்ணீர் விட்டுப்போன வெள்ளைத் திட்டுகளும் அப்படித்தான். கடைசி அலசலுக்கு டிஸ்டில்டு வாட்டர் பிடிக்கச் சொன்னால் போதும்.

ஆனால், எல்லாக் குறையும் குறைதானா? இங்கேதான் கருத்துச் சொல்பவர் மிகவும் தடுமாறுகிறார்.

ராபர்ட் ஃப்ராங்க் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1955-இல் குக்கன்ஹைம் உதவித்தொகை பெற்று அமெரிக்கா முழுவதும் காரில் சுற்றினார். 767 ரோல்கள், 27,000-க்கும் மேற்பட்ட ஃப்ரேம்கள். அவற்றிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் சோதனைப் பிரிண்டுகள் போட்டு, சுவரில் குத்தியும் தரையில் பரப்பியும் பார்த்துப் பார்த்துக் கழித்தார். மிஞ்சியவை 83. 'தி அமெரிக்கன்ஸ்' என்ற அந்தப் புத்தகம் 1958-இல் பாரிசிலும் மறு ஆண்டு அமெரிக்காவிலும் வெளிவந்தது. 1960-இல் 'பாப்புலர் ஃபோட்டோகிராஃபி' இதழில் விமர்சகர்கள் சிலர் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். படம் ஆடியிருக்கிறது, கிரெயின் தெரிகிறது, வெளிச்சம் கலங்கலாக இருக்கிறது, தொடுவானம் சாய்ந்திருக்கிறது, மொத்தத்தில் அசட்டை என்பது குற்றச்சாட்டு. கவனித்துப் பார்த்தால், அவர்கள் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. தொடுவானம் சாய்ந்துதான் இருந்தது. கிரெயின் மணல்போலத் தெரிந்தது. கண்டதைச் சரியாகவே கண்டார்கள். அது எதற்காக அப்படி இருக்கிறது என்ற ஒரு கேள்வியைத்தான் கேட்காமல் விட்டார்கள். வேகமாகக் கடந்துபோகும் ஓர் அந்நியனின் கண்ணுக்கு அந்த நாடு எப்படித் தெரிந்ததோ, அந்தத் தடுமாற்றத்தைத்தான் அந்தச் சாய்வு சுமந்தது. இன்று உலகத்தின் புகைப்பட வகுப்புகளில் அந்த நூல் பாடமாக இருக்கிறது.

ஜப்பானில் 1968-69-இல் மூன்றே இதழ்கள் வெளிவந்த 'ப்ரொவோக்' குழுவினர் இன்னும் ஒரு படி மேலே போய், கரடுமுரடு, ஆட்டம், மங்கல் ஆகிய மூன்றையும் தங்கள் பாணியின் பெயராகவே ஆக்கிக்கொண்டார்கள். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1976-இல் வில்லியம் எகில்ஸ்டனின் வண்ணப் படங்களைக் காட்சிக்கு வைத்தபோது, நியூயார்க் டைம்சின் ஹில்டன் கிராமர் அவற்றைச் சலிப்பூட்டும் சாதாரணம் என்று ஒதுக்கினார். சாதாரணத்தைத்தான் எகில்ஸ்டன் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கதைகளை ஆறுதலாகப் பிடித்துக்கொண்டு "என் படமும் ஒருநாள் புரியும்" என்று இருந்துவிடும் ஆபத்தும் உண்டு. ஆடிய படங்கள் எல்லாம் ஃப்ராங்க் ஆகிவிடாது. வேறுபாட்டைக் கண்டுபிடிக்கக் கான்டாக்ட் ஷீட் உதவும். ஒரே ரோலில் மற்ற ஃப்ரேம்களும் அதே திசையில் முயன்றிருக்கின்றனவா, அல்லது அந்த ஒன்று மட்டும் கை நழுவியதா? முப்பத்தாறில் பத்து ஃப்ரேம் ஒரே சாய்வைத் தேடிப்போயிருந்தால் அங்கே ஒரு மனம் வேலை செய்திருக்கிறது. தவறி விழுந்த ஒன்றாக இருந்தாலும் குற்றமில்லை. ஆனால் எடுத்தவர் அதைத் தவறு என்று ஒப்புக்கொண்டு, பிறகு அதில் தமக்கு எது பிடித்தது என்று சொல்ல வேண்டும்.

கருத்துக் கேட்பவர் தோல்வியுற்ற ஃப்ரேம்களை மறைக்காமல் கொண்டுவர வேண்டும் என்பது இதனால்தான். நல்லது ஒன்றை மட்டும் காட்டினால் கிடைப்பது பாராட்டு. முழு ஷீட்டைக் காட்டினால், எந்த இடத்தில் பொறுமை போயிற்று, எங்கே இன்னும் இரண்டு அடி முன்னால் போயிருக்கலாம், எந்த ஃப்ரேமைக் கவனிக்காமல் தாண்டிவிட்டார் என்பது தெரியும். சிவப்புப் பென்சிலால் அதில் குறியிடலாம். மெழுகுப் பென்சில் என்றால் துணியால் துடைத்தெடுத்து வேறு குறி போடலாம். ஸ்ட்ரைக்கரின் ஓட்டையோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய நாகரிகம்!

வெட்டிச் சுருக்கச் சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. 'ட' வடிவில் வெட்டிய இரண்டு அட்டைகளைப் பிரிண்டின்மேல் நகர்த்திக் காட்டினால் போதும், விளக்கமே வேண்டாம். முழு ஃப்ரேமை வெட்டவே கூடாது என்று பிடிவாதமாக இருப்பவர்களிடமும் வெட்கப்படாமல் காட்டலாம். வெட்டுவதை வெறுத்த கார்த்தியே-பிரெஸோனின் புகழ்பெற்ற படம், 1932-இல் பாரிசின் சென்-லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் தண்ணீரைத் தாண்டும் மனிதன், வேலிப் பலகை இடப்பக்கம் மறைத்ததால் வெட்டப்பட்டதுதான்.

இனி, கேட்டுக்கொள்பவரின் பக்கம். முதல் ஐந்து நிமிடம் எதையும் விளக்கக் கூடாது. "அன்னைக்கு மழை, அந்தம்மா உடனே போயிட்டாங்க, லென்ஸ் பழசு" என்று தொடங்கினால் பார்ப்பவர் படத்தை விட்டுவிட்டுக் கதையைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். நோட்டில், சொன்னவரின் சொற்களிலேயே, எழுதிக்கொள்ளலாம். ஒரே ஒரு கேள்வியோடு வருவது உசிதம்: இந்த நிழலில் உங்களுக்கு ஏதாவது தெரிகிறதா? இந்த இரண்டு ஃப்ரேம்களில் எதை வைத்துக்கொள்வீர்கள்? "எப்படி இருக்கு?" என்பது கேள்வியே இல்லை, அதற்கு "நல்லா இருக்கு" என்பதைத் தவிர யாராலும் மரியாதையாகப் பதில் சொல்ல முடியாது.

மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால் குழம்ப வேண்டியதில்லை. அவர்கள் சொன்ன தீர்வு வேறு வேறாக இருக்கும். சுட்டிய இடம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒருவர் மூலையை வெட்டச் சொல்கிறார், ஒருவர் கறுப்பாக்கச் சொல்கிறார், இன்னொருவர் வேறு ஃப்ரேமை எடுக்கச் சொல்கிறார். மூவரின் கண்ணையும் அந்த மூலைதான் இடறியிருக்கிறது.

சில கருத்துகள் பிரிண்டைத் திருத்தச் சொல்லாது. திரும்பப் போகச் சொல்லும். ஈவ் ஆர்னல்ட் நியூயார்க்கில் அலெக்ஸி ப்ரோடொவிச்சின் வகுப்பில் சேர்ந்து, ஃபேஷன் என்ற பயிற்சிக்காக ஹார்லெமில் கறுப்பினத்தவர் தாமே நடத்திய உடை அணிவகுப்புகளைப் படமெடுத்து வந்தார். ப்ரோடொவிச் அசந்துபோனார். ஆனால் பாராட்டோடு நிறுத்தவில்லை, திரும்பப் போய் அதையே தொடர்ந்து எடுக்கச் சொன்னார். அந்தப் படங்கள் 1951-இல் லண்டனின் 'பிக்சர் போஸ்ட்' இதழில் வந்தன.

சில கருத்துகளுக்குப் பதில் வர ஆண்டுகள் ஆகும். டயேன் ஆர்பஸ் 1950-களின் நடுவில் லிசெட் மாடலிடம் படிக்க வந்தார். எடுப்பதைப் பொதுவாக எடுக்காதே, இந்த ஆள், இந்த முகம் என்று குறிப்பாகப் போ என்பது மாடலின் போதனையின் சாரம். ஆர்பஸ் 1956-இல் தம் நெகட்டிவ்களுக்கு ஒன்று என்று எண்ணிட்டுப் புதிதாகத் தொடங்கினார். அப்போது அவர் 35 மி.மீ. கேமராவில், கிரெயின் திரண்ட படங்களையே எடுத்துக்கொண்டிருந்தார். முகத்தின் தோலும் துணியின் நூலும் துல்லியமாகத் தெரியும் சதுர ஃப்ரேமுக்கு, ரோலைஃப்ளெக்ஸ் கேமராவுக்கு, மாறியது 1962 வாக்கில்தான். ஆசிரியர் சொன்னதை மறுநாளே நிறைவேற்றவில்லை என்று அவர்மேல் யாரும் வருத்தப்பட முடியாது.

ஒரு பிரிண்டுக்குச் சொன்ன கருத்து அதோடு முடிந்துவிடுவதும் இல்லை, நெகட்டிவ் பத்திரமாக இருக்கும்வரை. ஆன்சல் ஆடம்ஸ் 1941 நவம்பர் 1-ஆம் தேதி மாலை நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரைக் காரில் கடந்தபோது, நிலா எழுந்திருக்க, கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளில் கடைசி வெயில் விழுந்திருப்பதைக் கண்டார். அவசரத்தில் மீட்டர் கைக்கு அகப்படவில்லை. நிலாவின் ஒளி அளவு மனப்பாடமாக இருந்ததால் அதை வைத்துக் கணக்கிட்டு ஒரு முறை எடுத்தார். இரண்டாவது முறை எடுப்பதற்குள் வெயில் போய்விட்டது. அந்த ஒரே நெகட்டிவிலிருந்து பல பத்தாண்டுகள் பிரிண்ட் போட்டுக்கொண்டே இருந்தார். முதல் காலப் பிரிண்டுகளில் வானம் சாம்பல் நிறம், மெல்லிய மேகக் கீற்றுகளும் தெரியும். 1948-இல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை மட்டும் மறுபடி ரசாயனத்தில் நனைத்துத் தரையின் அடர்த்தியைக் கூட்டினார். 1970-களின் பிரிண்டுகளில் மேல்வானம் ஏறக்குறைய முழுக் கறுப்பு; நிலா மட்டும் தனியாகத் தொங்குகிறது.

பிரிண்டின் பின்பக்கம் மென்மையான பென்சிலால் தேதி, தாளின் கிரேடு, எத்தனை செகண்டு வெளிச்சம், எங்கே மறைத்தது, எங்கே கூட்டியது, யார் என்ன சொன்னார் என்பதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும். பேனா மை தாளில் ஊறி முன்பக்கம் தெரியும். அடுத்த பிரிண்ட் காய்ந்ததும் பழையதைப் பக்கத்தில் வைத்து, முன்பு பார்த்தவரையே மறுபடி கூப்பிடலாம்.